காலிக்காரன்

"பூதத்தை விட்டுடுங்கம்மா. அது தோள்ல சுமந்துட்டுப் போகுது பாருங்க, அதை மட்டும் பாருங்க" என்றாள் வந்த பெண்.

அவள் இன்னும் உட்காரக்கூட இல்லை. செருப்பை வாசலில் விட்டவள் நேரே மேசைக்கு வந்து, மடித்து எடுத்து வந்த பெரிய அச்சுத் தாளை விரித்துவிட்டாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. புத்தகம் கட்டும் கூடத்தில் தாள் மடிக்கிற வேலை என்றாள். நாற்பது வயது இருக்கும். அண்ணியைத் தேடி வருகிறவர்கள் பாதிப் பேர் அழுதுகொண்டே வருவார்கள், மீதிப் பேர் கத்திக்கொண்டு வருவார்கள். இவள் இரண்டிலும் சேரவில்லை. கொழுந்தனுக்கு அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது.

அண்ணி காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த கிடங்கு தானாக எரிந்ததா, இடிந்த சுவர் தானாக இடிந்ததா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. அவருடைய காலஞ்சென்ற கணவரின் தம்பியான கொழுந்தன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அரை நாள் விடுப்பு கிடைத்தாலும் அண்ணி வீட்டுக்கு ஓடி வந்து, வருகிற வழக்குகளில் மூக்கை நுழைத்துவிடுவான். அண்ணியும் அவனை விரட்டியதில்லை.

தாளில் எட்டுப் பக்கங்கள் இருந்தன. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ திருடனாகவோ தங்களைப் பாவித்துப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்றுக்கான புத்தகம் அது. ஆறாம் பக்கம் முழுவதும் ஒரு வண்ணப் படம். படிக்கட்டில் ஓர் உருவம். கை உண்டு, கால் உண்டு, தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில், தோள்மேல் சாய்ந்து கிடந்தது சுருட்டிக் கட்டிய ஒரு மெத்தை. முதுகுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வால் தொங்கியது. மேலே பெரிய எழுத்தில் 'காலிக்காரன்' என்று பெயர்.

"நீலக் கோடு போட்ட மெத்தை. மூலையில இஸ்திரிப் பெட்டி சுட்டு ஓட்டையாயிடுச்சு. என் பொண்ணோட பழைய பள்ளிக்கூடப் பாவாடையை வெட்டி நான்தான் ஒட்டுப் போட்டேன். துணி பத்தலை. ரெண்டு முக்கோணத்தைச் சேர்த்துத் தெச்சேன், ஒண்ணு தலைகீழா." அவள் விரல் படத்தின் மேல் நின்றது. பச்சைக் கட்டம் போட்ட ஒட்டு. இரண்டு முக்கோணம். ஒன்று தலைகீழ். "இது என் தங்கச்சி மெத்தைம்மா."

தங்கை ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாளாம். இந்த ஊரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தாள், ஒன்றரை வருடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். "கடைசி ஞாயிறுகூட மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைத் திட்டிட்டு இருந்தா. நிரம்பி வழிஞ்சு காயப்போட்ட துணியெல்லாம் நனைச்சுடுதாம். அடுத்த ஞாயிறு போன் வரலை. போய் விசாரிச்சோம். யாரோ ஒரு ஆள் வண்டியோட வந்தான், சாமான் அத்தனையும் ஏத்திட்டு அவன்கூடப் போயிட்டாள்னு சொன்னார் கட்டடச் சங்கத்துச் செயலாளர். அவர்தான் அந்த வீட்டுக்கும் சொந்தக்காரர். போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். வயசுக்கு வந்த பொண்ணு, தானாப் போயிருக்கானு மூடிட்டாங்க. ஏழு வருஷம் ஆச்சு. அம்மா அந்த அவமானத்துலேயே போய்ச் சேர்ந்தாங்க."

"சாமானை ஏத்தும்போது மெத்தையையும்தானே ஏத்தியிருப்பாங்க?" என்றார் அண்ணி மெதுவாக. "அதை யாராவது பார்த்திருந்தா வரைஞ்சிருக்கலாமே."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். வரைஞ்சவங்க அவளைப் பார்த்திருக்காங்க. எங்க பார்த்தாங்க, எப்பப் பார்த்தாங்கனு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எங்கேயாவது நல்லா இருந்தாச் சரி. நான் போய்த் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அவள் போன பிறகு கொழுந்தன் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்துத் தாளை வாசிக்க ஆரம்பித்தான். ஐந்தே நிமிடத்தில் ஒரு சுழி போட்டான்.

"அண்ணி, ஒரு பிழை. 'காலிக்காரன் படி இறங்கும்'னு எழுத்துல இருக்கு. படத்துல அது ஏறுது. பெருவிரல் மேல்படில ஊனியிருக்கு, குதிகால் கீழ்ப்படிலேர்ந்து கிளம்புது. மெத்தையிலேர்ந்து சொட்டுற சொட்டெல்லாம் கீழ்ப்படிகள்லதான் கிடக்கு. இறங்குற ஆளுக்கு எப்படி முன்னாடி சொட்டும்?"

அண்ணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"பிழைன்னு சொன்னே. சரி. ரெண்டுல எது பிழை, தம்பி?"

மறுநாள் காலை இருவரும் தாளில் அச்சிட்டிருந்த முகவரிக்குப் போனார்கள். ஆட்டத்தைத் தயாரிக்கும் இடமும் தங்கை குடியிருந்த கட்டடமும் ஒன்றுதான் என்பது வாசலில் நின்ற பிறகுதான் கொழுந்தனுக்கு உறைத்தது. ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் முன்பு சைக்கிள் நிறுத்திய அறையை வாடகைக்கு எடுத்து ஆட்டத்தை எழுதிக்கொண்டிருந்தவர் ஒல்லியான மனிதர். ஆட்டத்தின் விதிகளை எல்லாம் வகுப்பதால் கட்டடத்தில் எல்லோரும் அவரை 'விதியார்' என்று கூப்பிட்டார்கள். மேசை முழுக்க இருபது முகப் பகடைகளும் களிமண் பொம்மைகளும் கிடந்தன. மூலையில் ஒரு குழாய்க்காரர் கைகழுவும் தொட்டியின் அடியில் படுத்துக்கொண்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

பூதத்தைப் பற்றிக் கேட்டதும் விதியாருக்கு முகம் மலர்ந்தது.

"காட்டு ஜந்து இருட்டுல ஒளியும் மேடம். நகரத்துல ஏது இருட்டு? நகரத்து ஜந்து ஒரு வேலைக்குள்ள ஒளியணும். எல்லாரும் பார்க்கிற, யாரும் கவனிக்காத வேலை. வீடு காலி பண்றவனை நிறுத்தி யாராவது கேட்டிருக்கோமா? சாமான் வருது, ஒதுங்கு, அவ்வளவுதான். அதான் காலிக்காரன். தனியா இருக்கிறவங்களைச் சுருட்டி எடுத்துட்டுப் போகும். அக்கம்பக்கத்துல 'வீடு காலி பண்ணிட்டாங்க'னு சொல்லிக்குவாங்க. அதோட பலமே அந்தப் பேச்சுதான். யாராவது ஒருத்தர் 'எங்கே போனாங்க?'னு கேட்டுட்டா அது பலமிழந்துடும். விதியே அப்படி."

"நல்ல ஜந்து" என்றார் அண்ணி. அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது கொழுந்தனுக்கு மட்டும் தெரிந்தது. "யோசனை உங்களோடதா?"

"பாதி. கரு எங்க ஓவியக்காரியோடது. நாலாம் மாடிப் பொண்ணு, செயலாளரோட தம்பி மகள். சின்ன வயசுல காய்ச்சல்ல கண்ட கனவாம். தலையில்லாத ஒருத்தன் எதையோ சுருட்டித் தோள்ல வெச்சுட்டுப் படி ஏறினான்னு இந்த மேசையிலதான் சொன்னா. உடனே எழுதிட்டேன்."

முதல் வடிவத்தை எடுத்துக் கொடுத்தார். கொழுந்தன் உரக்கப் படித்தான். 'இருவர் தோளோடு தோள் நடக்கக்கூடிய அகலமான படிக்கட்டு. அதில் காலிக்காரன் பாய்ச்சுருள் ஒன்றைத் தோளில் சாய்த்து, தலை தெரியாமல் ஏறும்.'

"அப்புறம் ஏன் இறங்க வெச்சீங்க?"

"முதல் ஆட்டம் ஆடிப் பார்த்ததும் எல்லாரும் பேர் போடாம கருத்து எழுதிப் போடுவாங்க. பேர் தெரிஞ்சா மனசு விட்டு எழுத மாட்டாங்களே. சீட்டையெல்லாம் ஒரே தாள்ல நகல் எடுத்துட்டுக் கிழிச்சுப் போட்டுடுவேன். ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். இதோ."

அதில் நாலைந்து கருத்துகள் இருந்தன. மூன்றாவது இது: 'ஏறினால் ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். காலி செய்கிறவன் இறங்கத்தானே வேண்டும்? மேலும் மெத்தை அந்தத் திருப்பத்தில் திரும்பாது. நட்டமாக நிறுத்தித்தான் தள்ள வேண்டியிருக்கும்.'

"நியாயமாப் பட்டுது, மாத்திட்டேன். படம் வந்தது அதுக்குப் பத்து நாள் கழிச்சு. அவ ஏறுற மாதிரியே வரைஞ்சுட்டா. மாத்தச் சொன்னேன், மாட்டேனுட்டா. சரி, யார் கவனிக்கப் போறாங்கனு விட்டுட்டேன்."

"'அந்த'வை எடுத்துடணும்" என்றான் கொழுந்தன் பென்சிலோடு. "'அந்தத் திருப்பம்'னா எந்தத் திருப்பம்? முன்னாடி திருப்பம்னு ஒண்ணு வரவே இல்லையே."

அண்ணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "எடுக்காதே. இருக்கட்டும்."

ஆடிப் பார்க்க உட்கார்ந்தவர்கள் நாலே பேர்: விதியார், ஓவியக்காரி, செயலாளர், குழாய்க்காரர். விதியார் வேறு ஊரிலிருந்து இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. குழாய்க்காரர் வந்து எத்தனை வருடம் என்று அண்ணி கேட்டதற்கு, அவர் தொட்டிக்கு அடியிலிருந்தே பதில் சொன்னார்.

"நான் இங்க வந்தது என் பையன் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த வருஷம். இப்ப எட்டாவது படிக்கிறான், எட்டாவதுனுதான் பேரு, படிப்பு ஏறலை. இந்தக் கட்டடத்துல என் முதல் வேலையே மொட்டை மாடில பிளாஸ்டிக் தொட்டி மாட்டினதுதான். எட்டலையேனு பழைய சிமென்ட் தொட்டி மேல ஏறி நின்னேன். பூச்சு அப்பத்தான் பூசியிருக்கு போல, செருப்பு அப்படியே பதிஞ்சுடுச்சு. செயலாளர் ஐயா கத்தினாரு பாருங்க, அவர் கத்தி நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்."

செயலாளர் அறுபதைத் தாண்டியவர். சலவைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, தாழ்ந்த குரல். தங்கையைப் பற்றி விசாரிக்க வந்ததாகச் சொன்னதும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வண்டி வந்ததையும் ஆள் வந்ததையும் அந்தப் பெண் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனதையும் தடங்கலில்லாமல் சொன்னார். கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கலாமா என்று அண்ணி கேட்டதற்குத் தாராளமாக என்று தாமே முன்னால் ஏறினார்.

ஐந்தாம் மாடி வரை படி அகலமாகத்தான் இருந்தது. அதற்குமேல் மொட்டை மாடிக்குப் போகும் படி குறுகி, பாதியில் வெடுக்கென்று ஒடிந்து திரும்பியது. கொழுந்தன் முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டு உயிர் போகிற வலியில் ஒரு வார்த்தை சொல்லி, அண்ணி இருப்பது நினைவு வந்து விழுங்கினான்.

மேலே இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள். ஓரமாக ஆள் உயரத்துக்கு ஒரு பழைய சிமென்ட் தொட்டி, வாய் பூசி மூடப்பட்டு, மேலே வரிசையாகப் பூந்தொட்டிகள். எல்லாச் செடிக்கும் அன்று காலைதான் தண்ணீர் ஊற்றியிருந்தது.

"செடி வளர்க்கிறது நீங்களா?" என்றார் அண்ணி.

"வேற யார் செய்வாங்க? சும்மா கிடக்கிற தொட்டிதானே. விரிசல் விட்டுப் பத்து வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு குடி வர்றதுக்கு முன்னாடியே மூடியாச்சு."

கொழுந்தன் தலையசைத்துக் குறித்துக்கொண்டான். அண்ணி எதையும் குறிக்கவில்லை. ஒரு பூந்தொட்டியின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கிளம்பலாம்" என்றார்.

நாலாம் மாடியில் ஓவியக்காரி கதவைத் திறந்தாள். இருபது வயது. காதோரம் பென்சில் செருகியிருந்தது. படத்தைப் பற்றிப் பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏழாம் வகுப்பு படிச்சேன். கடுங்காய்ச்சல். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாங்க. மத்தியானம். படிக்கட்டுல மூச்சு வாங்குற சத்தம். எழுந்து வந்து இந்தக் கம்பிக்கதவு வழியாப் பார்த்தேன். கீழேருந்து ஏறி வந்து, எங்க வீட்டைத் தாண்டி மேல போச்சு. தலை இல்லை. அம்மா வந்ததும் சொன்னேன். காய்ச்சல் வேகத்துல உளர்றேன்னு ஈரத்துணி போட்டாங்க. நானும் கனவுனுதான் நம்பறேன்."

"கீழேருந்தா?" என்றான் கொழுந்தன். "அந்தப் பொண்ணு வீடு அஞ்சாம் மாடியாச்சே. நாலாம் மாடியைத் தாண்டி மேல ஏன் வரணும்?"

"முதல்ல கீழ எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றார் அண்ணி. "வாசல்ல ஆள் நடமாட்டம் இருந்திருக்கும். திரும்ப ஏறியாகணும். மத்தியானமாச்சே." பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "ஒட்டுத் துணி, முக்கோணம், இதெல்லாம் விதியார்கிட்ட சொன்னியா?"

"இல்லையே. மெத்தைனே சொல்லலை. ஏதோ சுருட்டினதுனுதான் சொன்னேன், அப்ப அவ்வளவுதான் ஞாபகம். அவர் பாய்னு எழுதிக்கிட்டார். வரைய உட்கார்ந்தப்பதான் கை தானா மெத்தையைப் போட்டுது, ஒட்டைப் போட்டுது. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

"வால்?"

"அதுவும் அப்படித்தான்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "சுருளோட நுனியில தொங்கிச்சு. பூதம்னா வால் இருக்குமேனு நினைச்சுக்கிட்டேன்."

கீழே இறங்கும்போது கொழுந்தன் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான். "குழாய்க்காரர்தானே அண்ணி? உடம்பைப் பாருங்க, நாலு மெத்தை தூக்குவார். தொட்டிப் பக்கம் போனவரும் அவர்தான்."

"செருப்பு பதிஞ்சதைத் தானா சொல்றவனையா பிடிக்கச் சொல்றே?" என்றார் அண்ணி. தெருவுக்கு வந்ததும் கைப்பேசியை எடுத்தார். ஏழு வருடத்துக்கு முந்திய புகார் தூங்கிக்கொண்டிருந்த காவல் நிலையத்தின் ஆய்வாளர், அண்ணி சர்வேயராக இருந்த காலத்தில் இரண்டு தீவிபத்து வழக்குகளில் கூட இருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அந்தத் தரைத்தள அறையில் எல்லோரும் கூடினார்கள். காலிக்காரனை ஒரு தடவை ஆடிப் பார்க்க வேண்டும் என்று அண்ணி கேட்டிருந்தார். மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சுவரோரம் ஒரு நாற்காலியில் மடிக்கிற கூடத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரென்று அண்ணி சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆய்வாளர் பத்து நிமிடம் முன்பே வந்து, இரண்டு கொத்தனார்களோடு சத்தமில்லாமல் மேலே போயிருந்தார். வாசலில் ஒரு காவலர் நின்றார்.

"முதல் வடிவத்தையே ஆடலாம்" என்றார் அண்ணி.

விதியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அகலமான படிக்கட்டு. பக்கத்து வீடு இன்னைக்குக் காலைலேர்ந்து சத்தமில்லாம இருக்கு. தலையில்லாத ஒருத்தன் சுருளைச் சுமந்துட்டு உங்களைத் தாண்டி மேல ஏறுறான். என்ன செய்வீங்க?"

"பின்னாடியே போவேன். எங்க போறான்னு பார்த்துடுவேன்" என்றார் குழாய்க்காரர், பகடையைக் குலுக்கியபடி.

"கதவைச் சாத்திப்பேன்" என்றாள் ஓவியக்காரி.

"கீழ போய்த் தெருவுல நாலு பேரைக் கூப்பிடுவேன்" என்றார் செயலாளர்.

"நானா இருந்தா இந்தச் சீட்டைப் படிப்பேன்" என்றார் அண்ணி. மூன்றாவது கருத்தை ஒரு முறை வாசித்தார். "இதை எழுதினவர் கையில இருந்த கதையில பாய்னுதான் இருந்துது. இவர் மெத்தைனு எழுதறார். கதையில அகலமான படி. இவர் திரும்பாதுங்கறார். அதுவும் ஏதோ ஒரு திருப்பம் இல்லை, 'அந்தத் திருப்பம்'. கற்பனை ஊர்ல அந்தத் திருப்பம் எங்க இருக்கு? இங்க இருக்கு. அஞ்சாம் மாடிக்கு மேல. என் கொழுந்தன் முழங்கை அதுல இன்னும் வீங்கியிருக்கு. மெத்தையை நட்டமா நிறுத்தித் தள்ளினாத்தான் அங்க போகும்னு யோசிச்சு எழுத முடியாது. தள்ளியிருக்கணும்."

அண்ணி சீட்டை மேசைமேல் வைத்தார்.

"விதியார் வந்து ரெண்டு வருஷம். அந்த மெத்தையை அவர் கண்டிருக்க வழியில்லை, கண்டிருந்தா முதல்லயே பாய்னு எழுதியிருக்க மாட்டார். படம் வரைஞ்ச பொண்ணு ஏறுறதுதான் சரினு விதியார்கிட்டயே சண்டை போட்டவ. இறங்கட்டும்னு அவ ஏன் எழுதணும்? குழாய்க்காரர் முதல் தடவை மொட்டை மாடி ஏறினப்ப தொட்டி மூடி, பூச்சு ஈரமா இருந்துது. ஏழு வருஷம் முன்னாடி. ஆனா செயலாளரே, நீங்க பத்து வருஷம்னு சொன்னீங்க. அந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடினு சொன்னீங்க. தொட்டியைப் பத்தி நான் எதுவும் கேக்கலை. அந்தப் பொண்ணையும் தொட்டியையும் ஒரே மூச்சுல சேர்த்துப் பேசினது நீங்கதான். அப்ப வேற தொட்டியும் இல்லை. மூடின தொட்டி எப்படி நிரம்பி வழிஞ்சு அவ துணியை நனைக்கும்? காணாமப் போறதுக்கு முந்தின வாரம்வரைக்கும் நனைஞ்சுதுனு அவ அக்காகிட்ட சொல்லியிருக்கா."

செயலாளர் சட்டைக் கையை நேர்செய்துகொண்டார். "நல்லாத்தான் இருக்கு. விளையாட்டுக்கு எழுதின சீட்டை வெச்சு மனுஷனைப் பிடிப்பீங்களா?"

"பிடிக்க முடியாது" என்றார் அண்ணி. "அதுக்குத்தான் மேல ஆள் போயிருக்கு."

அப்போதுதான் படிக்கட்டு வழியாக உளிச் சத்தம் இறங்கி வந்தது. முதலில் ஒன்று. பிறகு விடாமல்.

செயலாளர் எழுந்தார். வாசலில் நின்ற காவலரைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் அதே தாழ்ந்த குரலாகத்தான் இருந்தது.

"நான் எதையும் எடுத்ததில்லை. மாத்துச் சாவி என்கிட்ட இருந்துது. அவ வேலைக்குப் போனப்புறம் போய் உட்கார்ந்திருப்பேன். சும்மா. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அன்னைக்கு அரை நாள்ல திரும்பிட்டா. சங்கக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்வேன்னா. கத்தினா. வாயைப் பொத்தத்தான் போனேன். தலை சுவர்ல..." கையைப் பார்த்துக்கொண்டார். "கீழ கொண்டுபோனேன். வாசல்ல தபால்காரன் நின்னுட்டு இருந்தான். திரும்ப ஏறினேன். இந்தக் குழந்தை அழுக்குப் போர்வையைப் போர்த்திட்டுக் கம்பிக்குப் பின்னாடி நின்னதை நான் பார்க்கலை. மெத்தை மறைச்சுடுச்சு. இந்த மேசையில இவ கனவுனு சொன்னப்பதான் தெரிஞ்சுது."

"சாமானெல்லாம்?" என்றான் கொழுந்தன்.

"கொஞ்சம் கொஞ்சமா. மூணு மாசம் ஆச்சு. யாரும் கேக்கலை."

ஓவியக்காரி அவரைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் கிடந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முதல் வண்ணப்பெட்டி வாங்கித் தந்தது பெரியப்பாதான்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "அந்தக் காய்ச்சல் விட்ட வாரம். போர்வையைப் பத்தி நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை." பிறகு விரலை வால் மேல் வைத்தாள். "மேடம், இது வால் இல்லை. இல்லையா?"

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"அவளுக்கு முடி நீளம்" என்றாள் அக்கா. "பின்னினா முட்டிக்குக் கீழ வரும். நான்தான் எண்ணெய் வெச்சுப் பின்னி விடுவேன்."

விதியார் பகடைகளைக் கையால் கூட்டிப் பைக்குள் போட ஆரம்பித்தார். போட்டவர் நிறுத்திவிட்டார். என்ன செய்கிறோம் என்றே தெரியாத மாதிரி பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உளிச் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் ஆய்வாளர் இறங்கி வந்து வாசலில் நின்று, அண்ணியைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். அடையாளம் சொல்ல யாராவது வர வேண்டும், ஒரு துணி ஒட்டை மட்டும் பார்த்தால் போதும் என்றார். அக்கா எழுந்தாள். கொழுந்தன் துணைக்குப் போக எழுந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாக ஏறினாள். அவள் காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்து போவதை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளரும் கேட்டார்.

அரை மணி நேரம் கழித்து அவள் இறங்கி வந்தபோது செயலாளரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஓவியக்காரி அம்மாவின் மடியில் தலையைப் புதைத்துப் படிக்கட்டிலேயே கிடந்தாள். அக்கா அவர்களைத் தாண்டும்போது நின்று, குனிந்து, அந்தப் பெண்ணின் தலையில் ஒரு கணம் கையை வைத்தாள்.

வாசலுக்கு வந்து கைப்பேசியை எடுத்தாள். எண் தப்பித் தப்பிப் போயிற்று. கொழுந்தன்தான் வாங்கி அழைத்துக் கொடுத்தான். பக்கத்திலேயே நின்றதால் மறுமுனைக் குரலும் அவனுக்குக் கேட்டது.

"அப்பா. அவ யார்கூடவும் போகலைப்பா." மூச்சை இழுத்தாள். "இங்கேயேதான் இருந்திருக்கா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிழவர் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"அப்ப அவளைத் தேடிட்டு அந்த வாசல் வரைக்கும் வந்தேன்மா" என்றது குரல். "அஞ்சு மாடியாச்சே, முட்டி வலியோட எதுக்கு ஏறறீங்க, வீடு பூட்டித்தானே கிடக்குனார் அந்தச் செயலாளர். உட்காரச் சொன்னார். டீ வாங்கிக் குடுத்தார். நல்ல மனுஷன்னு நினைச்சேன். குடிச்சிட்டுத் திரும்பிட்டேன். மேல ஏறியிருக்கணும். ஏறியிருக்கணும்."

அக்கா படியில் உட்கார்ந்தாள். தெருவில் லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று. அது போய்த் தெரு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"கிளம்பி வாங்கப்பா" என்றாள். "நான் கையைப் பிடிச்சுக்கிறேன். மெதுவா ஏறலாம்."